தன்வினைச் சமூகவியல்

1

சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேசப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். அரை மணி நேரம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. பிறகு ஓர் இளம் நண்பர் எழுந்து, ‘இந்தக் கவிதைகள் இன்னும் நவீனத்துவத்தைத் தாண்டவில்லை. நாம் பின்நவீன நிலைக்குள் வந்து முப்பது வருஷமாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு கூட்டம் முடிந்த மாதிரிதான். எந்தக் கவிதை, எந்த வரி, அதில் என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை. தீர்ப்புச் சொன்னது அவரல்ல, காலம். காலத்தை யார் குறுக்கு விசாரணை செய்வது?

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. அந்த வாக்கியம் அவருடையதல்ல. தொண்ணூறுகளில் அதைத் தமிழில் செய்து புழக்கத்தில் விட்டவர்களில் நானும் ஒருவன். அவருக்கு அது பழைய நாணயமாகக் கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர் மில் ஒன்றை மூடினார்கள். ஸ்பின்னிங் பகுதியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருவர் எனக்குப் பழக்கம். அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கவிதைகள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டிய கேட்டைப் பற்றி, ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு நின்றுபோன விடியற்காலையைப் பற்றி, பிராவிடண்ட் ஃபண்டு ஆபீஸில் வரிசையில் நின்றதைப் பற்றி. இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். ‘அண்ணே, இதெல்லாம் பெருங்கதையாடலின் மிச்சம். தொழிலாளி, முதலாளி, சுரண்டல் என்கிற கதைகளை உலகம் நம்பாமல் போய் வெகுநாளாயிற்று’ என்று விளக்கினேன். லியோதார் பெயரையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ‘மில்லை யாரு மூடுனாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. பேரு தெரியும், தேதி தெரியும். உங்க புஸ்தகத்துல அதுக்கு எடம் இருக்கா?’ என்றார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய எதையும் எனக்குக் காட்டவில்லை.

இந்தக் கட்டுரை அவர் கேள்விக்குத் தாமதமாக வரும் பதில். இடம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். லியோதார் 1979இல் வெளியிட்ட ‘பின்நவீன நிலை’, கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழகக் குழு கேட்டு எழுதப்பட்ட ஓர் அறிக்கை. வளர்ந்த சமூகங்களில், கணினி வந்த பிறகு, அறிவின் கதி என்ன என்பது அதன் விஷயம். நாம் அதிலிருந்து பெயர்த்துக்கொண்டது ஒன்றைத்தான். மானுட விடுதலை, முன்னேற்றம் போன்ற பெருங்கதையாடல்களின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது. யாருக்குப் போய்விட்டது, யாரைக் கேட்டு இதைச் சொல்கிறார் என்று நாம் விசாரிக்கவில்லை. தன் புத்தகங்களிலேயே ஆக மோசமானது அதுதான் என்று லியோதாரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். படிக்காத புத்தகங்களையெல்லாம் அதில் எடுத்துக் காட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். நம் கூட்டங்களில் யாரும் இந்தப் பேட்டியை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்குப் பின்னும் முன்னும் ஒரு வரிசை உண்டு. 1973இல் டேனியல் பெல் ‘தொழில்மயத்துக்குப் பிந்தைய சமூகம்’ வருகிறது என்றார். 1980இல் ஹேபர்மாஸ், நவீனத்துவம் செத்துவிடவில்லை, முடிக்கப்படாத திட்டமாகக் கிடக்கிறது என்று வாதாடினார். 1984இல் ஜேம்ஸன், பின்நவீனம் என்பது பிந்தைய முதலாளித்துவத்தின் கலாசாரத் தர்க்கம் என்றார். 1986இல் உல்ரிக் பெக் ‘அபாயச் சமூகம்’ என்றார். 1990இல் அந்தனி கிடன்ஸ், நாம் நவீனத்தைத் தாண்டவில்லை, அதன் முற்றிய கட்டத்தில் இருக்கிறோம் என்றார். 2000இல் ஸிக்மண்ட் பௌமன் ‘திரவ நவீனம்’ என்றார்.

இவர்கள் ஒரே கட்சியல்ல. ஒருவர் மற்றவரைக் கடுமையாக மறுத்தவர்கள். ஜேம்ஸனும் டேவிட் ஹார்வியும் மூலதனம் என்று பெயர் சொல்லியாவது பேசினார்கள். ஆனால் இந்த வரிசையைச் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்று: வினைச்சொற்கள். நம்பிக்கை தளர்கிறது. உறவுகள் கரைகின்றன. மரபு விலகுகிறது. அமைப்புகள் உருகுகின்றன. வேலை நெகிழ்கிறது. நகரம் சிதறுகிறது. எல்லாம் தானாகவே நடக்கிறது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இது சட்டென்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே தன்வினை, பிறவினை என்று பிரித்துப் படித்தவர்கள் நாம். திருந்தினான், திருத்தினான். உடைந்தது, உடைத்தான். சிதறியது, சிதறடித்தார்கள். ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மொழி நம்முடையது. அப்படியிருந்தும், முப்பது வருஷமாகச் சமூக மாற்றம் பற்றி நாம் எழுதியதில் முக்கால்வாசி தன்வினையில் இருக்கிறது. ‘மில் மூடியது’ என்று நான் எழுதினேன். ‘மில்லை மூடினார்கள்’ என்று அவர் எழுதியிருந்தார். அவரைவிட நான் ஒரு யுகம் முன்னே நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

3

பின்நவீனம் பிறந்த நேரத்தை ஒரு கட்டுரையில் நானும் எழுதியிருக்கிறேன். 1972 ஜூலை 15, பிற்பகல் 3.32. கட்டடக்கலை விமர்சகர் சார்ல்ஸ் ஜெங்க்ஸ் 1977இல் ஒரு புத்தகத்தில் சொன்னது. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் ப்ரூயிட்–ஐகோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பை வெடி வைத்துத் தகர்த்த அந்தக் கணத்தில் நவீனக் கட்டடக்கலை செத்தது என்பது அவர் அறிவிப்பு. ஜாதகம் கணிக்கிற மாதிரி நாமும் நிமிடம்வரை குறித்துக்கொண்டோம். ஹார்வி போன்ற கறாரான ஆள்கூட 1989இல் இதை எடுத்தாண்டார். உண்மையில் முதல் வெடி வைத்தது 1972 மார்ச்சில். இடித்து முடிக்க 1976 ஆயிற்று. அந்த நிமிடக் கணக்கு தான் கற்பித்தது என்று ஜெங்க்ஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

பொய் நிமிடம் பெரிய குற்றமல்ல. அது எதை மறைத்தது என்பதுதான் குற்றம்.

மொத்தம் 33 கட்டடங்கள். ஒவ்வொன்றும் 11 மாடி. 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் பின்னர் அவர்தான் வடிவமைத்தார். 1954இல் குடியேறத் தொடங்கினார்கள். நாம் கேட்ட கதை இதுதான்: பகுத்தறிவின் மமதையில் மனிதர்களைப் பெட்டிகளில் அடைத்தார்கள், மனிதர்கள் அதை நிராகரித்தார்கள், நவீனத்தின் கனவு அதன் சொந்தக் கனத்தாலேயே விழுந்தது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! துன்பியல் நாடகம் மாதிரி இருக்கிறது. நாம் இலக்கியக்காரர்கள், மயங்காமல் என்ன செய்வோம்?

நடந்தது வேறு. கட்டுவதற்கு 1949 வீட்டுவசதிச் சட்டத்தின்படி மத்திய அரசு பணம் கொடுத்தது. பராமரிப்புக்குக் கொடுக்கவில்லை. அதைக் குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. யமசாகி முதலில் உயரமும் தாழ்வுமாகக் கலந்த கட்டடங்களைத்தான் போட்டுக் காட்டினார். செலவைக் குறைக்க எல்லாவற்றையும் உயரமாக்கச் சொன்னது அரசின் வீட்டுவசதித் துறை. அதே சிக்கனத்தில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, மூன்று மாடிக்கு ஒருமுறை நிற்கும். மற்றவர்கள் படியேறியோ இறங்கியோ போக வேண்டும். ப்ரூயிட் பகுதி கறுப்பர்களுக்கு, ஐகோ பகுதி வெள்ளையர்களுக்கு என்று திட்டமிட்டிருந்தார்கள். 1955இல் அந்தப் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும் வெள்ளையர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். புறநகரில் அவர்கள் வீடு வாங்க மத்திய அரசே கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, போய்வர நெடுஞ்சாலையும் போட்டுக் கொடுத்தது. 1950இல் 8,56,796 பேர் இருந்த செயின்ட் லூயியில் 1970இல் 6,22,236 பேர். அவர்களோடு வேலைகளும் போயின. உதவித்தொகை வாங்கும் குடும்பத்தோடு உழைக்கத் தெம்புள்ள ஆண் தங்கக்கூடாது என்று ஒரு விதி. பிள்ளைகளைப் பார்க்க அப்பா ஒளிந்து வர வேண்டும். வீடு காலியாகக் காலியாக வாடகைப் பணம் குறைந்தது. பணம் குறையக் குறையப் பழுது பார்ப்பது நின்றது. நின்றதை ஈடுகட்ட, இருந்தவர்கள்மேல் வாடகையை ஏற்றினார்கள். 1969இல் அந்த நகரத்தின் அரசுக் குடியிருப்புகளில் பெண்கள் முன்னின்று மாதக்கணக்கில் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு வாடகை வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது.

இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. கேத்தரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. கட்டடம் பரிசு பெற்றது என்று எல்லோரும் எழுதிவந்ததும் கட்டுக்கதை என்று அதில் அவர் காட்டினார். நான் 3.32ஐப் பரப்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அந்தக் கட்டுரை அச்சில் இருந்தது. நான் தேடவில்லை. தேடத் தோன்றாதபடி செய்ததுதான் அந்தக் கோட்பாட்டின் சாதனை. ‘நவீனம் விழுந்தது’ என்று தெரிந்துகொண்ட பிறகு லிஃப்ட் ஏன் நிற்கவில்லை என்று எவன் கேட்பான்?

வாடகை கொடுக்க மறுத்த அந்தப் பெண்கள் எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவர்கள்? அவர்களுக்குப் பெருங்கதையாடலின் மேல் நம்பிக்கை இருந்ததா, போய்விட்டதா? இந்தக் கேள்வி அசட்டுத்தனமாகப் படுகிறதல்லவா? அசட்டுத்தனம் என் கேள்வியில் இல்லை.

4

உல்ரிக் பெக்கின் புத்தகத்துக்கு அச்சேறும்போதே ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது, அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்லலாமென்றால். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதம் அவர் முன்னுரை எழுதினார். பழைய தொழிற்சமூகம் செல்வத்தைப் பங்கிட்டது, புதிய சமூகம் அபாயத்தைப் பங்கிடுகிறது என்பது அவர் வாதம். ஏழ்மைக்கு மேல் கீழ் உண்டு, நச்சுப் புகைக்கு அது கிடையாது என்ற பொருளில் அவர் சொன்ன வாசகம் உலகம் முழுக்கச் சுற்றிவந்தது. மேகத்துக்கு எல்லையும் தெரியாது, வர்க்கமும் தெரியாது என்று ஐரோப்பியர்கள் செர்னோபிலைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பதினாறு மாதம் முன்னால், 1984 டிசம்பர் 2–3 இரவில், போபாலில் புகைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மீத்தைல் ஐசோசயனேட் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து வந்தது. யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் எதிரே ஜெயப்பிரகாஷ் நகர் குடிசைகளில் தரையில் படுத்திருந்தவர்களை முதலில் கண்டுபிடித்தது. அந்த வாயு இருந்த தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள், சிக்கனத்துக்காக. கசிந்தால் எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுது பார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. ஆட்களைக் குறைத்திருந்தார்கள். 1989இல் 47 கோடி டாலருக்குக் கணக்கு முடித்தார்கள். எந்த வாக்கியத்தையும் இங்கே தன்வினையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பெக் போபாலை மறக்கவில்லை. அதே புத்தகத்தில் அதைப் பற்றி எழுதுகிறார். பெரும் ஏழ்மையும் பெரும் அபாயமும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றும் சொல்கிறார். அதுவே என் புகாரைக் கூட்டுகிறது. தெரிந்திருந்தது. தெரிந்தும் அது உதாரணமாக நின்றது, கோட்பாட்டை அசைக்கவில்லை. ஜெர்மனியின் நடுத்தர வர்க்கத்து மூக்கில் ஏறிய பயம் ‘யுகத்தின் குணம்’ ஆயிற்று. போபாலில் செத்தவர்கள் அந்த யுகத்தின் ஓரக் குறிப்பானார்கள். ‘இழுக்கின்றன’ என்ற வினையையும் பாருங்கள். ஏழ்மை அபாயத்தை இழுக்கிறதாம், காந்தம் இரும்பை இழுக்கிற மாதிரி. உரிமம் கொடுத்தவன், இடம் ஒதுக்கியவன், குளிர்சாதனத்தை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவன் ஒருவனும் அந்த வாக்கியத்தில் இல்லை.

5

இப்போது கிடன்ஸிடம் வருகிறேன். அவருக்குத்தான் நாம் விசேஷமாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம், ஏனென்றால் அவர் நம் ஊர்ச் சாமானை எடுத்துக்கொண்டார்.

மார்க்ஸுக்கு நவீன உலகம் ஓர் அசுர ஜந்து, வேபருக்கு ஓர் இரும்புக்கூடு என்று எடுத்துக்கொண்டால், தன் உருவகம் ‘ஜகர்நாட்’ என்று 1990இல் அவர் எழுதினார். பெரும் வலிமை கொண்ட, பிடியை மீறி ஓடக்கூடிய ஓர் எந்திரம். மனித குலமாக நாம் சேர்ந்து அதை ஓரளவு செலுத்தலாம்; ஆனால் எப்போது கைமீறும் என்று சொல்ல முடியாது; எதிர்த்து நின்றால் நசுக்கிவிடும். சொல்லின் மூலம் பூரி ஜகந்நாதர் தேர் என்றும், பக்தர்கள் அதன் சக்கரத்தில் விழுந்து மடிந்ததாகச் சொல்வார்கள் என்றும் ஒரு குறிப்பும் தருகிறார்.

அந்தக் கதைக்கு வயசு அதிகம். 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஒதோரிக் என்ற பிரான்சிஸ்கன் துறவி காலத்திலிருந்து ஐரோப்பாவில் அது சுற்றுகிறது. 1806இல் பூரிக்குப் போன கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் அதை இங்கிலீஷ் வீடுகளின் திண்ணைப் பேச்சாக்கினார். அவர் போன சமயத்தில் பூரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது, 1803இலேயே பிடித்துவிட்டார்கள். தேர் பார்க்க வந்த யாத்ரீகர்களிடம் கம்பெனி வரி வசூலித்தது, 1840இல் நிறுத்தும்வரை. ஓட்டுநர் இல்லாமல் தறிகெட்டு ஓடும் கீழைத்தேயத் தேர் என்று ஐரோப்பா நடுங்கிக்கொண்டிருந்தபோது, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது லண்டன் கம்பெனி.

அது கிடக்கட்டும். தேரோட்டம் பார்த்த யாராவது தேர் தானாக ஓடுகிறது என்று சொல்வானா? எங்கள் ஊர்த் தேரைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். வடம் பிடிக்க நூறு பேர். வெடி போட்டாலோ கொடி அசைத்தாலோதான் இழுப்பார்கள். பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறவர்கள். எல்லாரையும்விட முக்கியமானவர்கள் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். வீதி திரும்பும் இடத்தில் எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாகக் கட்டையைச் செருகுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. தேர் திரும்புவதும் நிற்பதும் அதனால்தான். விரல் போனவர்கள் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அந்தத் தேர் முன்நவீனமா, நவீனமா, பிந்தைய நவீனமா என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

இன்னொன்றும் உண்டு. தேர் எந்தத் தெருவுக்குள் போகாது என்பது. அதையும் தேர் முடிவு செய்வதில்லை.

கிடன்ஸ் ‘நாம்’ என்கிறார். மனித குலமாக நாம் ஓரளவு செலுத்தலாம். இந்த ‘நாம்’தான் விவகாரமே. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரின் வடம் நான்கு நாட்டார்களுக்கு உரியது. தாங்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று தலித்துகள் கேட்டதிலிருந்து பிரச்னை. வழக்கு, உயர்நீதிமன்ற உத்தரவு, போலீஸ், தடை. பல ஆண்டுகள் தேரை ஓட்டாமலேயே நிறுத்தி வைத்தார்கள். 2024 ஜூனில், மீண்டும் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, பெரும் போலீஸ் காவலோடு ஓடியது. அங்கே யாரிடமாவது போய், தேர் கட்டுமீறி ஓடிவிடுமோ என்று பயமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஊரில் தேரைப் பற்றிய பயம் அதுவல்ல. வடத்தில் யார் கை படும் என்பதுதான். ‘நாம்’ என்றால் யார் என்பதற்கு இருபது வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அதை ஓர் எழுவாயாக எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அவர் போன இடத்தையும் சொல்ல வேண்டும். 1998இல் ‘மூன்றாம் பாதை’ எழுதினார். டோனி பிளேர் கட்சியின் அரசியலுக்கு அது வேதமாயிற்று. 2004இல் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் இல்லாத தேர் என்று சொன்னவர் ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்றுமில்லை. தேருக்கு ஓட்டுநர் இல்லை என்று நம்புகிறவர்களால் ஓட்டுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

6

மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன்.

‘நீ வில்லனைத் தேடுகிறாய். சமூகம் சினிமா அல்ல. அமைப்பு என்று ஒன்று உண்டு.’ உண்டு. நான் தேடுவது வில்லனை அல்ல, கைகளை. கட்டப் பணம் உண்டு, பராமரிக்கக் கிடையாது என்பது ஓர் அமைப்பு. அதற்கு ஆண்டு உண்டு, சட்டத்தின் பெயர் உண்டு, ஓட்டுப் போட்டவர்கள் உண்டு, அதை மாற்றப் போராடியவர்களும் உண்டு. இந்த அமைப்பைப் பற்றிப் பேசுவது ஒன்று. ‘யுகம்’ என்று பேசுவது வேறு. முன்னதை எதிர்க்கலாம். யுகத்தை எதிர்க்க முடியாது, அதற்கு ஏற்ப உடை மாற்றிக்கொள்ளத்தான் முடியும்.

‘இந்தச் சொற்கள் தமிழில் நல்லதும் செய்தனவே?’ செய்தன. தொண்ணூறுகளில் ‘நிறப்பிரிகை’ பின்நவீனம் பற்றிப் பேசிய அதே பக்கங்களில் தலித் அரசியலையும் தலித் இலக்கியத்தையும் விவாதித்தது. கட்சிகளும் கல்லூரிகளும் பேச மறுத்ததை அது பேசியது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அங்கே வேலை செய்தது எது? யார் ஒதுக்கினார்கள், எந்த மையம் யாரைத் தள்ளியது என்று கேட்ட பிறவினைக் கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கைவிட்டுவிட்டு, ‘மையம் சிதைந்துவிட்டது’ என்ற அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்த நாம். எந்த மையம் சிதைந்தது? கண்டதேவி வடத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

‘அப்படியானால் கோட்பாடே வேண்டாமா?’ வேண்டும். இதே வட்டாரத்தில் எனக்குப் பிடித்த புத்தகம் ஒன்று உண்டு. பௌமன் 1989இல் எழுதிய ‘நவீனமும் யூதப் படுகொலையும்’. நாஜிக் கொலைகள் நவீனத்தின் சறுக்கல் அல்ல, நவீன அலுவலகம் இல்லாமல் அவை நடந்திருக்காது என்று அவர் வாதிடுகிறார். அதில் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள், ரயில்கள் இருக்கின்றன, வேலைப் பிரிவினை இருக்கிறது, தன் மேஜைக்கு வந்த காகிதத்தை மட்டும் பார்த்து அடுத்த மேஜைக்கு நகர்த்தியவன் இருக்கிறான். நவீனம் என்ற பெரிய சொல் அங்கே நிஜமான பாரத்தைச் சுமக்கிறது. பதினொரு வருஷம் கழித்து அவரே ‘திரவ நவீனம்’ எழுதினார். அதில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், தண்ணீர் கூடிவிட்டது. எல்லாம் ஓடுகிறது, வழிகிறது, வடிவம் மாறுகிறது. உலகம் பிரமாதமாகக் கொண்டாடியது இரண்டாவது புத்தகத்தைத்தான். திரவக் காதல், திரவ பயம் என்று வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. குமாஸ்தா திரும்ப வரவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டு விதச் சமூகவியலும் இருந்திருக்கிறது. தேர்ந்தெடுத்தது வாசகர்கள். அதாவது நாம்.

7

இதை வாசிக்கப்போகும் இருநூறு பேரில் பெரும்பாலோர் கவிதையோ கதையோ எழுதுகிறவர்கள். அவர்களுக்கு இதில் என்ன? இதுதான்: யுகத்தின் பெயரால் விமர்சனம் எழுதுவது சோம்பேறித்தனத்தின் உச்சம். அதைவிட மோசம், அது ஓர் அதிகாரம். ‘நீ காலாவதியாகிவிட்டாய்’ என்று ஒருவனிடம் சொல்வதற்கு அவன் எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை. அவனும் பதில் சொல்ல முடியாது. கெட்ட கவிதை என்று சொன்னால் சண்டைக்கு வருவான், வரி வரியாக வாதாடுவான், ஒருவேளை ஜெயிப்பான். காலம் போய்விட்டது என்று சொன்னால் நோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். போனார்.

கூட்டத்தில் பேசிய இளம் நண்பர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் அந்தத் தொகுப்பைத் திட்டட்டும். பதினாலாம் பக்கத்துக் கவிதை சத்தமில்லாத இடத்தில் சத்தம் போடுகிறது என்று சொல்லட்டும். நான் ஒப்புக்கொண்டாலும் கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

மில்லில் வேலை பார்த்த அண்ணன் இப்போது இல்லை. சென்ற வாரம் அவர் மகளைப் போய்ப் பார்த்தேன். நோட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தார், அப்பா யாரிடமும் காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தாரே என்று தயங்கிவிட்டுத்தான். அன்று இரவே படித்தேன். எல்லாம் நல்ல கவிதைகள் அல்ல. பாதிக்கு மேல் மேடைப் பேச்சு. ஏழெட்டுக் கவிதைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் கேட்டைப் பூட்டுகிற வாட்ச்மேனின் கை வருகிறது, பூட்டிய கை நடுங்கியது என்பதோடு. அந்தக் கையை அன்று நான் பார்க்கவில்லை. பக்கத்தில் பென்ஸிலால் ‘பெருங்கதை’ என்று என் எழுத்தில் எழுதியிருந்தது. ரப்பர் வைத்து அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழிக்கவில்லை.

அந்த எட்டுக் கவிதைகளையும் படியெடுத்து, அவர் மகளின் சம்மதத்தோடு, இந்த இதழின் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர் முடிவு. போடவில்லையென்றால் எந்த வரி காரணம் என்று சொல்ல வேண்டும். காலத்தைக் காரணம் காட்டக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.